மேட்டூர் மூடும்போது விதை, திறக்கும்போது பூ: டெல்டா கொல்லைகளின் கல்வாழை!

தஞ்சாவூரிலிருந்து திருவையாறுக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். அந்தச் சின்னத் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். பேருந்தில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்களின் கண் ஆற்றையும் வயலையும் விட்டு நகராது. தண்ணீர் வரும் மாதங்களில் பச்சை, அறுவடை முடிந்தால் வைக்கோல் நிறம், கோடையில் வெடித்துக்கிடக்கும் களிமண். டெல்டாவின் காலண்டர் அந்த வயலிலேயே தெரிந்துவிடும்.

ஆனால், இந்தக் காலண்டருக்குக் கட்டுப்படாத ஒரு பச்சை டெல்டா கிராமங்களில் உண்டு. அதைப் பார்க்க வீட்டின் முன்வாசலில் நின்றால் போதாது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எல்லாம் கடந்து கொல்லைப்பக்கம் போக வேண்டும். கிணற்றடிக்கும் துவைக்கிற கல்லுக்கும் அந்தப்புறம், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற சலதாரையின் முடிவில், ஆள் உயரத்துக்கு அகன்ற இலைகளோடு ஒரு புதர் நிற்கும். உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பூ. அதுதான் கல்வாழை.

யாரும் அதற்கென்று தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. 'கழுநீரை அந்தக் கல்வாழைப் பக்கம் ஊத்திடு' என்பதோடு பராமரிப்பு முடிந்தது. வயல் காய்ந்து கிடக்கும் சித்திரையிலும் அது பூத்திருக்கும். எப்படி?

இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு விதையின் கதை இருக்கிறது, ஒரு கிழங்கின் கதை இருக்கிறது. டெல்டா வீடுகள் மெல்ல இழந்துகொண்டிருக்கும் ஒரு பழக்கத்தின் கதையும் இருக்கிறது.

பெயரில் வாழை, உறவில் மஞ்சள்

கல்வாழை என்ற பெயரில் கல்லும் இருக்கிறது, வாழையும் இருக்கிறது. இலை வாழையைப் போல, விதை கல்லைப் போல. ஆனால், இது வாழை அல்ல. வாழை, இஞ்சி, மஞ்சள், கல்வாழை எல்லாம் தாவரவியலில் ஒரே பெரிய வரிசையைச் சேர்ந்தவை. ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணுக்கடியில் பக்கவாட்டில் பரவும் கிழங்கைப் பார்த்தால் மஞ்சளின் சாயல் சட்டென்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை: மலைப்பகுதிகளில் பாறை இடுக்கில் வளரும் ஒரு காட்டு வாழைக்கும் 'கல்வாழை' என்றே பெயர். நாட்டு மருந்துக்கடையில் பேசப்படும் கல்வாழை பெரும்பாலும் அதுதான். கொல்லையில் பூக்கும் இந்தக் கல்வாழை வேறு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதன் அறிவியல் பெயர் 'கன்னா இண்டிகா'. இண்டிகா என்று இருப்பதால் நம் நாட்டுச் செடி என்று நினைத்துவிட வேண்டாம். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். கொலம்பஸ் காலத்துக் குழப்பத்தில் 'இண்டீஸ்' என்று பெயர் வாங்கிய மேற்கிந்தியத் தீவுகளின் வழியே ஐரோப்பாவுக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மிளகாய், தக்காளி, கொய்யா போல இதுவும் கடல் தாண்டி வந்து நம் வீட்டுச் செடியாகிப்போன ஒன்று.

தரங்கம்பாடிக்கு வந்த மாணவர்

நவீன தாவரப் பெயர் முறையின் தொடக்கமாகக் கொள்ளப்படும் நூல், சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்'. அன்றைக்கு அறியப்பட்ட ஆயிரக்கணக்கான செடிகளை வரிசைப்படுத்திய அந்த நூலின் முதல் பக்கத்தில் இடம்பிடித்த செடி எது தெரியுமா? கல்வாழைதான்.

காரணம் எளிமையானது. பூவில் எத்தனை மகரந்தத் தாள்கள் இருக்கின்றன என்று எண்ணி அதன்படி செடிகளை வகைப்படுத்தினார் லின்னேயஸ். ஒரே ஒரு மகரந்தத் தாள் உள்ளவை முதல் வகுப்பு. கல்வாழைப் பூவில் மகரந்தப் பை இருப்பது ஒன்றே ஒன்றுதான். நாம் இதழ் என்று நினைத்து ரசிக்கிற அந்தப் பெரிய வண்ணப் பகுதிகள் உண்மையில் இதழ்களே அல்ல. மகரந்தம் தருவதை விட்டுவிட்டு இதழ் போல விரிந்துகொண்ட தாள்கள் அவை. நிஜ இதழ்கள் அடியில் சிறிதாக, குறுகலாக ஒதுங்கி நிற்கும். அடுத்த முறை பூவைக் கையில் எடுத்தால் பிரித்துப் பாருங்கள்.

அந்த லின்னேயஸின் மாணவர் ஒருவர் 1768-ல் டெல்டாவின் கடற்கரைக்கே வந்து சேர்ந்தார். அப்போது டேனிஷ்காரர்களின் கையில் இருந்த தரங்கம்பாடிதான் அந்த இடம். மாணவரின் பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்தவர், இந்தியச் செடிகளை லின்னேயஸின் முறையில் ஆராயத் தொடங்கினார். இஞ்சி, மஞ்சள் குடும்பத்துச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய விவரங்கள் 1783-ல் ஐரோப்பாவில் அச்சேறின. அவரோடும் அவருக்குப் பின்னும் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த பலர் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். டேன்ஸ்பர்க் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள், இந்தியத் தாவரவியலின் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்தச் சின்னக் கடற்கரை ஊரில் எழுதப்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

600 வருடம் காத்திருந்த விதை

கல்வாழையின் காயைப் பார்த்தால் பச்சையாக, மேலே முள் போலச் சொரசொரப்பாக இருக்கும். உள்ளே மூன்று அறைகள். காய் காய்ந்து வெடிக்கும்போது உள்ளிருந்து பட்டாணி அளவில் கன்னங்கரேலென்று விதைகள் உதிரும். துப்பாக்கி ரவை போல இருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். ஜிம்பாப்வேயில் சுரைக்குடுக்கைக்குள் இந்த விதைகளைப் போட்டு 'ஹோஷோ' என்ற தாளக்கருவி செய்கிறார்கள்.

இந்த விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அதுதான் இதன் பலம். நனைந்தால்தானே முளைக்க வேண்டும்? நனையாத வரை அது காத்திருக்கும்.

எவ்வளவு காலம்? வடமேற்கு அர்ஜென்டினாவில் ஒரு பழங்காலக் கல்லறையில் கழுத்து மாலை ஒன்று கிடைத்தது. அதில் கோத்திருந்தவை வால்நட் ஓடுகள். ஓடு இளசாக இருந்தபோதே அதற்குள் கல்வாழை விதையைச் செருகி, பிறகு ஓடு முற்றி மூடிக்கொள்ளும்படி கிலுகிலுப்பையாகச் செய்திருந்தார்கள். உள்ளே இருந்த விதைகளில் ஒன்று முளைத்தது. அந்த ஓட்டின் வயதை கார்பன் முறையில் கணக்கிட்டபோது சுமார் 600 ஆண்டுகள் என்று தெரிந்தது. 1971-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. ஓடு மூடிய பிறகு உள்ளே விதையைப் போட வழியே இல்லை. ஆக, விதைக்கும் அதே வயது.

இதை நெல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெல்டாவின் ஈரக்காற்றில் சாதாரணமாகச் சேமித்த விதைநெல் அதிகக் காலம் தாங்காது. முளைப்புத்திறன் வேகமாகக் குறைந்துவிடும். அதனால்தான் ஒரு நெல் ரகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அதை வருஷா வருஷம் யாராவது விதைத்து, அறுத்து, மறுபடி விதைக்கு எடுத்துவைக்க வேண்டும். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ விதை வாங்கிச் செல்லும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு இருந்ததன் அர்த்தம் இதுதான். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் மீட்ட பாரம்பரிய ரகங்கள் இன்றும் இருக்கின்றன என்றால், அவற்றை விதைத்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள்.

நெல் விதை மனிதரின் கையை நம்பியிருக்கிறது. கல்வாழை விதையோ தன் தோலை நம்பியிருக்கிறது.

டெல்டாவின் 'குளிர்காலம்' எது?

கல்வாழையைப் பற்றிக் குளிர்நாடுகளில் எழுதப்படும் குறிப்புகளில் தவறாமல் வரும் ஒரு பகுதி, குளிர்காலத்தை எப்படித் தாண்டவைப்பது என்பது. கனடாவின் டொரன்டோ போல நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர்களில், இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி விழுந்ததும் இலைகள் கருகிவிடும். தண்டை ஒரு சாணுக்கும் குறைவாக வெட்டிவிட்டு, கிழங்கை மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். சில நாள் நிழலில் உலர்த்தி, மரத்தூளிலோ தேங்காய்நார்க் கழிவிலோ புதைத்து, வீட்டின் பேஸ்மென்ட்டில் உறையாத குளிர்ச்சியில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, அழுகியதை வெட்டி எறிய வேண்டும், ரொம்பச் சுருங்கியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். மே மாதக் கடைசியில் மறுபடி மண்ணில் நட வேண்டும்.

நம் மாநிலத்திலேயே உறைபனி தெரிந்த ஊர் ஊட்டி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளி வெள்ளையாகிப் போகும். தாவரவியல் பூங்காவில் மென்மையான செடிகளுக்கு மேல் மறைப்புப் போட்டு, அதிகாலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள்.

தஞ்சாவூரில் இந்தக் கவலை கிடையாது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனால், டெல்டாவின் குளிர்ந்த அதிகாலையிலும் கல்வாழைக் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. அதற்காக இங்கே கடினகாலமே இல்லை என்று சொல்ல முடியாது. டெல்டாவின் கடினகாலம் குளிரில் வருவதில்லை. தண்ணீர் இல்லாதபோது வருகிறது.

1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து வழக்கமாக ஜூன் 12-ல் டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். ஜனவரி 28-ல் மூடுவார்கள். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் இந்த இரண்டு தேதிகளுக்குள் ஓட வேண்டும். மூடிய பிறகு ஆறு மணலாகும், வாய்க்கால் வறளும். அறுத்த வயலின் மிச்ச ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் விளையும். பம்ப்செட் இருக்கிற இடங்களில் கோடை நெல். மற்றபடி, அடுத்த திறப்பு வரை காத்திருப்புதான்.

அந்தக் காத்திருப்பும் ஆண்டுக்கு ஆண்டு நீளும், குறையும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-ல் அணையைத் திறக்க முடியவில்லை. 2020-ல்தான் மறுபடி அந்தத் தேதி கூடிவந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை போனது. டெல்டாவில் ஒரு குடும்பத்தின் கல்யாணம், கடன், பள்ளிக் கட்டணம் எல்லாம் இந்தத் தேதியைச் சுற்றித்தான் திட்டமிடப்படுகின்றன.

ஜனவரி 28-லிருந்து ஜூன் 12 வரை கணக்குப் போட்டால் 135 நாள். டொரன்டோவில் பனியைத் தாண்டும் கல்வாழை, டெல்டாவில் தாண்ட வேண்டியது இந்த 135 நாள்களை. இரண்டு இடத்திலும் கைகொடுப்பது ஒன்றுதான், கிழங்கு. அதில் சேர்த்துவைத்த மாவுச்சத்து. கல்வாழைக் கிழங்கின் மாவுத்துகள்கள் தாவர உலகிலேயே மிகப்பெரியவற்றில் சேர்த்தி. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளாக இதை வேகவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஈக்வடாரில் நம் இலைக் கொழுக்கட்டை போல, இந்தச் செடியின் இலையில் மாவை மடித்து ஆவியில் வேகவைத்து இனிப்புப் பலகாரம் செய்கிறார்கள். வியட்நாமில் இந்தக் கிழங்கு மாவில் கண்ணாடி போன்ற சேமியா தயாராகிறது. பஞ்சகாலத்துக்கென்று செடி சேர்த்துவைத்த குதிர் அது. மேலே இலை காய்ந்தாலும் கீழே குதிர் நிறைந்திருக்கும்.

கழுநீர் என்ற நதி

ஆனால், டெல்டா கொல்லையில் கல்வாழை கோடையிலும் காய்வதே இல்லையே, ஏன்? அதற்கு ஆற்றுத் தண்ணீர் தேவைப்படவில்லை. வீட்டின் கழுநீரே போதுமானதாக இருந்தது.

அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர். இது கொல்லையில் தேங்கினால் கொசு, நாற்றம், சேறு. அதனால் சலதாரை முடியும் இடத்தில் வாழை, சேப்பங்கிழங்கு, கல்வாழை மூன்றில் எதையாவது வைத்துவிடுவது பழைய வழக்கம். செடிக்குத் தண்ணீர் கிடைத்தது, வீட்டுக்குச் சுத்தம் கிடைத்தது. 

இதே வேலையைத்தான் இப்போது பொறியாளர்கள் ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் கல்வாழை நட்டு முறைப்படி செய்கிறார்கள். கழிவுநீர் அந்தத் தொட்டி வழியே மெதுவாகப் போகும். ஜல்லியின் மேலும் வேரின் மேலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கை உடைக்கும். அதில் கரைந்திருக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இப்படிப்பட்ட சுத்திகரிப்பு அமைப்புகளில் அதிகம் பயன்படும் செடிகளில் கல்வாழையும் ஒன்று. ஈரத்தில் நிற்கும், வேகமாக வளரும், பூவும் தரும்.

இங்கேதான் இன்றைய சிக்கல். கூடமும் முற்றமும் உள்ள வீடு இடிந்து, அதே மனையில் கான்கிரீட் வீடு வரும்போது கொல்லை சுருங்குகிறது, அல்லது சிமென்ட் பூசப்படுகிறது. சலதாரை குழாயாகி, தெருவோரக் கால்வாயில் சேர்கிறது. அந்தக் கால்வாய் போய் முடிவது பல ஊர்களில் பாசன வாய்க்காலிலோ குளத்திலோதான். ஒரு புதர் குடித்துத் தீர்த்த தண்ணீர், இப்போது ஊர்க் குளத்தின் பிரச்னையாகிறது.

அளவும் கூடியிருக்கிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். இடுப்பில் குடம் சுமந்த காலம் முடிந்தது நல்ல விஷயம். ஆனால், வீட்டுக்குள் வந்த தண்ணீரில் பெரும்பங்கு கழுநீராக வெளியே வந்துதானே ஆக வேண்டும்? உள்ளே வர குழாய் போட்டாயிற்று, வெளியே போக வழி யோசிக்கவில்லை என்பதுதான் பல தெருக்களின் நிலை. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி அமைக்கச் சொல்வது இதற்காகத்தான். உறிஞ்சுகுழிக்குப் பக்கத்தில் நான்கு கல்வாழை நின்றால் குழியின் சுமையும் குறையும்.

விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

கல்வாழையைப் பெரும்பாலும் கிழங்கைப் பிரித்துத்தான் நடுவார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால், பக்கத்து வீட்டிலும் இல்லாமல் போகும்போது விதைதான் வழி. கிழங்கோடு சேர்ந்து வைரஸ் நோயும் வந்துவிடக்கூடும். இலையில் மஞ்சள் கோடும் திட்டும் உள்ள செடியின் கிழங்கை வாங்காமல் இருப்பது நல்லது.

விதை எடுத்தல்: காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்போது பறியுங்கள். விதை கருப்பாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் முற்றவில்லை. சிவப்புச் சிறுபூ கொண்ட நாட்டுரகத்தில் விதை தாராளமாகக் கிடைக்கும். மொட்டு விரியும் முன்பே அதன் மகரந்தம் சூலகத் தண்டில் ஒட்டிக்கொள்வதால் தன்மகரந்தச் சேர்க்கை எளிது. நர்சரியில் வாங்கும் பெரும்பூ ஒட்டுரகங்கள் பலவற்றில் விதையே பிடிக்காது. பிடித்தாலும் தாய்ச்செடியின் நிறமே வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

தோலைத் திறத்தல்: முழு வேலையும் இதில்தான். உப்புத்தாள், அரம், நகவெட்டி எதுவும் போதும். விதையின் ஒரு பக்கத்தில் கருப்புத் தோலைத் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரியும்போது நிறுத்திவிடுங்கள். விதை காயோடு ஒட்டியிருந்த புள்ளியைத் தொட வேண்டாம். முளை வருவது அந்தப் பக்கத்தில்தான். சின்ன விதை வழுக்கும் என்பதால் இடுக்கியில் பிடித்துக்கொள்ளலாம். குழந்தைகள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

ஊறவைத்தல்: வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள். தோல் சரியாகத் திறந்திருந்தால் விதை உப்பும். உப்பாததை எடுத்து இன்னும் கொஞ்சம் தேய்த்து, மறுபடி ஊறப்போடுங்கள்.

விதைத்தல்: மணலும் தொழுவுரமும் கலந்த மண்ணில் அரை அங்குல ஆழம். தேங்காய் ஓடோ பால் பாக்கெட்டோ போதும். மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் ஊசி போலச் சுருட்டிய இலை வெளியே வரும். மூன்று நான்கு இலை வந்ததும் நிரந்தர இடத்துக்கு மாற்றலாம். வெயில் நன்றாக விழும் இடமாகப் பாருங்கள். நிழலில் இலை தழைக்கும், பூ குறையும்.

இடம்: கழுநீர் பாய வேண்டும், ஆனால் தேங்கி நிற்கக் கூடாது. சலதாரை முடியும் இடத்தில் இரண்டடி ஆழக் குழி எடுத்து, உடைந்த செங்கலும் ஜல்லியும் நிரப்பி, அதன் ஓரத்தில் செடிகளை நடலாம். கழிப்பறைத் தண்ணீரை இதில் விடக் கூடாது. பிளீச்சிங், ஆசிட் கலந்த தண்ணீரும் வேண்டாம், வேரும் நுண்ணுயிரும் சேர்ந்து சாகும்.

அடைமழையும் அக்னி வெயிலும்

டெல்டாவில் கல்வாழைக்கு இரண்டு சோதனைகள். ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழை. வளர்ந்த புதர் ஈரத்தைத் தாங்கும். ஆனால், புதிதாக வெட்டி நட்ட கிழங்கும் இளங்கன்றும் களிமண் சேற்றில் பல நாள் மூழ்கினால் அழுகிவிடும். அதனால் மழைக்கு முன் நடுவதாக இருந்தால் ஆடியிலேயே நட்டுவிட வேண்டும், மண்ணை ஒரு சாண் உயர்த்திவிட வேண்டும். புயல் காற்றில் இலை கிழியும், தண்டு சாயும். பதற வேண்டாம். சாய்ந்ததை அடியோடு வெட்டிவிட்டால் கிழங்கிலிருந்து புதுக்கன்று வரும். மழைக்காலத்தில் இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி போலத் துருநோய் வந்தால் அந்த இலைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது சோதனை கோடை. கழுநீர் பாயும் செடிக்குக் கவலையில்லை. பள்ளி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள், பூத்து முடிந்த தண்டுகளை வெட்டி, அடியில் வைக்கோலோ வாழைச்சருகோ கனமாகப் போட்டு மூடிவிட்டுப் போகலாம். இலை காய்ந்தாலும் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். இங்கே தோண்டி எடுத்து வைக்க வேண்டியதில்லை. மண்ணே பத்திரமான பெட்டகம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நெருக்கமாகிப்போன புதரைப் பிரித்து, இரண்டு மூன்று முளைக்கண் உள்ள துண்டுகளாக வெட்டி அக்கம்பக்கத்தில் கொடுங்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போனால், செடியும் தெருவை விட்டுப் போய்விடும்.

135 நாள் கணக்கு

விதையிலிருந்து வளரும் கல்வாழை நம் வெப்பத்தில் பூக்க மூன்றிலிருந்து ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளும். மேட்டூர் மூடுவதற்கும் திறப்பதற்கும் இடையே உள்ள 135 நாள் ஏறக்குறைய நாலரை மாதம். இரண்டும் அழகாகப் பொருந்திப்போகின்றன.

தை அறுவடை முடிந்து, ஆற்றில் தண்ணீர் குறைந்துவரும் அந்த ஜனவரிக் கடைசி வாரத்தில் விதையைத் தேய்த்து ஊன்றினால், மாசியில் கன்று நிற்கும், பங்குனியில் கொல்லைக்கு மாறும். சித்திரை, வைகாசி வெயிலில் ஆற்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட வாங்காமல், வீட்டில் அரிசி களைந்து ஊற்றுகிற தண்ணீரிலேயே வளரும். கல்லணையின் மதகு வழியே காவிரி மறுபடி ஓடிவரும் ஜூன் மாதத்தில், கொல்லையில் முதல் பூ விரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அணை எந்தத் தேதியில் திறக்கும் என்பது மழையின் கையிலும் அரசுகளின் கையிலும் இருக்கிறது. அதை எந்த வீட்டாலும் தீர்மானிக்க முடியாது. கொல்லையில் ஓடும் கழுநீர் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் அந்தந்த வீடே தீர்மானிக்கலாம். அதற்குத் தேவை நான்கு கருப்பு விதையும் ஒரு துண்டு உப்புத்தாளும்தான்.